குறி சொல்லும் பூசாரியும் குறி சொல்லும் இரத்தமும்

(கள்ளக்குறிச்சியில் பேசியது)



இன்று நான் மலேரியாக் காய்ச்சலைப் பற்றிப் பேசப் போகின்றேன் என்பதை விளம்பரத்தில் பார்த்துவிட்டு ஒரு தோழர் என்னிடம், “சாமியைக் கண்டித்து அலுத்துவிட்டதா? டாக்டர் வேலைக்குக் கிளம்பிவிட்டீர்களே!” என்று வேடிக்கையாகக் கேட்டார். நான் டாக்டருமல்ல; காலேஜ் வாசற்படி மிதித்தவனுமல்ல. தெரிந்தவர்களிடம் கேட்டும், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புத்தகங்களைப் புரட்டியும் நான் அறிந்துகொண்ட சங்கதிகளையே சொல்லப் போகின்றேன். அதில் தப்பிதம் இருந்தால் இங்கு வந்திருக்கும் வைத்தியத் தோழர்கள் எழுந்து திருத்த வேண்டுமாய்க் கேட்டுக்கொள்ளுகின்றேன்.

ஆனால் சாமியைக் கண்டித்து அலுத்துவிட்டது என்பது மாத்திரம் சரியல்ல. கோவிலில் குடியிருக்கும் சாமியைவிட, காய்ச்சல்காரன் படுத்திருக்கும் பாய்க்கருகில் வந்து உட்காரும் சாமிதான் பெரிய சாமி. கோவிலுக்குப் போகாதவன் வீட்டிலும் குழந்தைக்கு நெருப்பாய்க் கொதித்தால் தாயத்தும் விபூதியும் தாமாக உள்ளே வந்துவிடுகின்றன. ஆகவே அந்தப் பாய்க்கருகில் என்ன நடக்கின்றது என்று பார்ப்போம்.

சில வருஷங்களுக்கு முன் கல்வராயன் மலையில் நான் கண்ட சங்கதி ஒன்றைச் சொல்லுகின்றேன். ஊர் பேர் வேண்டாம். வெளி மாகாணத்தில் கூலி வேலைக்குப் போன ஒரு பையன் காய்ச்சலோடு திரும்பி வந்தான். நான்காம் நாள் இராத்திரி கை கால் இழுத்துப் பல் கிட்டிவிட்டது. கண் செருகிப் பிதற்ற ஆரம்பித்தான். உடனே, வரும் வழியில் ஓடைக்கரைப் பேய் அடித்துவிட்டது என்று முடிவு செய்து பூசாரியைக் கூப்பிட்டார்கள். அவர் உடுக்கையடித்துக் குறி பார்த்து, “கிழக்கே போனால் பிழைப்பு உண்டு” என்று சொன்னாராம். இதற்குள் இரண்டு இராத்திரி போய்விட்டது. மூன்றாம் நாள் யாரோ நல்ல மனிதர் ஒருவர் பையனை வண்டியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தார். இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மூளையைத் தாக்கும் மலேரியா. ஊசி போட்டார்கள், பையன் பிழைத்துக்கொண்டான்.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். வீட்டார் ஊருக்குத் திரும்பிப் போய்ப் பூசாரிக்கு ஒரு கிடா வெட்டினார்கள். ஏனென்றால், கள்ளக்குறிச்சி மலைக்குக் கிழக்கே இருக்கின்றதல்லவா? குறி பலித்துவிட்டது! பையன் செத்துப் போயிருந்தாலும் குறி பொய்யாகியிருக்காது. வேண்டுதலில் குறை, புறப்பட்ட நேரத்தில் குறை என்று சொல்லியிருப்பார். பிழைத்தாலும் பலித்தது, செத்தாலும் பலித்தது. இப்படி எது நடந்தாலும் தோற்காத ஒரு குறி இருக்குமானால் அது எதையுமே சொல்லவில்லை என்பதுதானே அர்த்தம்?

அந்தப் பூசாரியை நான் அயோக்கியர் என்று சொல்ல வரவில்லை. அவரே தம் குறியை நம்பினாலும் நம்பியிருக்கலாம். மலேரியாக் காய்ச்சலின் குணம் அப்படிப்பட்டது. இதை முறைக்காய்ச்சல் என்று நம் பெரியவர்கள் சொல்லுவார்கள். முதலில் எலும்பு ஆடும்படி குளிர். அதற்குமேல் கொதிக்கும் சூடு. அதற்குமேல் பாய் நனையும் வியர்வை. பிறகு ஆள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்பான். மறுநாள் சுகம். அதற்கடுத்த நாள் ஏறக்குறைய அதே நேரத்துக்கு மறுபடியும் குளிர். பூசாரியை எப்போது கூப்பிடுகின்றோம்? குளிரிலும் சூட்டிலும் துடிக்கும்போதுதானே! அவர் வந்து, உட்கார்ந்து, மந்திரம் சொல்லி, விபூதி போட்டு முடிவதற்குள் வியர்க்கும் நேரம் தானாக வந்துவிடும். “பார்த்தாயா, கை வைத்ததும் வியர்த்துவிட்டது” என்று வீடே கும்பிடும். நாளை மறுநாள் காய்ச்சல் திரும்பினால் இரண்டாவது தட்சணை.

இதில் இன்னும் ஒரு விசேஷம் உண்டு. நம் பக்கத்தில் அதிகமாய்க் கண்ட வைவாக்ஸ் என்கின்ற ஜாதி மலேரியாக் கிருமி, இரத்தத்தில் இருப்பதோடு நில்லாமல் ஈரலிலும் போய்த் தூங்குகின்றது. ஆறு மாதம், எட்டு மாதம் தூங்கிவிட்டுக் கொசு கடிக்காமலேயே விழித்துக்கொண்டு மறுபடி காய்ச்சலை உண்டாக்கும். “ஓட்டின பேய் மறுபடி வந்துவிட்டது, சென்ற வருஷம் நேர்ந்த கோழியை மறந்துவிட்டீர்கள்” என்று சொல்லுவதற்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? ஈரலில் தூங்கும் இந்தக் கிருமியை ஆராய்ச்சிக்காரர்கள் கண்ணால் கண்டதே 1980-ஆம் வருஷத்தை ஒட்டித்தான். அதுவரையில் பேயின் பேரில்தான் பட்டா இருந்தது.

நிற்க, மலேரியா என்ற பெயரே ஒரு மூடநம்பிக்கையின் மிச்சம். இத்தாலி பாஷையில் அதற்குக் கெட்ட காற்று என்று அர்த்தம். சதுப்பு நிலத்து நாற்றக் காற்றால் இந்தக் காய்ச்சல் வருகின்றது என்று வெள்ளைக்காரன் நம்பினான். மலைத் தண்ணீர் குடித்தால் வருகின்றது என்று நாம் நம்பினோம். 1880-இல் அல்ஜீரியாவில் இருந்த லாவெரான் என்னும் பிரெஞ்சுப் பட்டாள வைத்தியர் காய்ச்சல்காரனின் இரத்தத்தைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்து, சிவப்பணுவுக்குள்ளே உயிருள்ள கிருமி அசைவதைக் கண்டார். 1897 ஆகஸ்டு 20-ந் தேதி, நம் தேசத்திலேயே செகந்திராபாத்தில், ரொனால்ட் ராஸ் என்பவர் ஒரு கொசுவின் வயிற்றை அறுத்து அதற்குள் அந்தக் கிருமி வளருவதைக் கண்டார். அந்தக் கொசுக்கள் கடித்தது ஹுசேன் கான் என்னும் ஏழை நோயாளியை. கடித்த ஒவ்வொரு கொசுவுக்கும் அவருக்கு ஓர் அணா கூலி. ராசுக்கு 1902-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஹுசேன் கானுக்குக் கிடைத்தது சில அணாக்கள். விஞ்ஞானத்திலும் ஜமீன்தாரும் கூலியும் இருந்திருக்கின்றார்கள் என்பதை மறைப்பானேன்?

இப்பொழுது நான் சொல்ல வந்த முக்கிய விஷயத்துக்கு வருகின்றேன். யாருக்குக் காய்ச்சல் வரும், வந்தால் யாருக்கு முற்றும், யார் பிழைப்பார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியுமா? முடியும். ஆனால் அதைச் சொல்லுவது கைரேகையல்ல, ஜாதகமல்ல, உடம்புதான். உடம்பிலுள்ள குறிகளைப் பார்த்துச் சொல்லும் வித்தை சுமார் 180 வருஷமாக நம் தேசத்திலேயே வளர்ந்திருக்கின்றது.

முதற் குறி மண்ணீரல். நம் ஊரில் “வயிற்றில் கட்டி” என்று சொல்லி நெருப்பால் சுட்டுத் தழும்பு உண்டாக்குவார்களே, அந்த இடம். மலேரியா அடிக்கடி வந்தால் மண்ணீரல் வீங்கிவிடும். 1840-களில் வடக்கே யமுனைக் கால்வாய்க்கரை ஊர்களில் டெம்ப்ஸ்டர் என்னும் வைத்தியர், ஒவ்வோர் ஊரிலும் பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, நூற்றுக்கு எத்தனை பேருக்கு வீங்கியிருக்கின்றது என்று கணக்கெடுத்தார். கிருமி உண்டென்றே உலகத்துக்குத் தெரியாத காலம் அது! இருந்தும் எந்த ஊரில் காய்ச்சல் குடியிருக்கின்றது என்று விரல் நுனியாலேயே கண்டுபிடித்துவிட்டார்.

அதற்கப்புறம் 1908-இல் பஞ்சாபில் மலேரியா ஜனங்களை வாரிக்கொண்டு போயிற்று. கிறிஸ்டபர்ஸ் என்பவர் அதை ஆராய்ந்து 1911-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். மழை மிகுதியாய்ப் பெய்த வருஷமும் தானிய விலை ஏறிய வருஷமும் ஒன்றாகக் கூடினால் அங்கே பிணம் விழுகின்றது என்று அவர் கண்டார். மழை கொசுவைக் கொடுக்கின்றது. விலை பசியைக் கொடுக்கின்றது. இரண்டும் சேர்ந்து கொல்லுகின்றன. பிறகு மழை, தானிய விலை, பிள்ளைகளின் மண்ணீரல் இவைகளை வைத்தே அடுத்த பருவத்துக்கு எச்சரிக்கை சொல்ல ஆரம்பித்தார்கள். நம் பஞ்சாங்கமும் வருஷாவருஷம் “தென்கிழக்கில் ரோக பயம்” என்று சொல்லுகின்றதே! என்றைக்காவது தானிய விலையைக் கேட்டிருக்கின்றதா? சென்ற வருஷம் சொன்னதில் எத்தனை பலித்தது, எத்தனை தவறியது என்று கணக்குப் போட்டு இந்த வருஷப் பதிப்பில் அச்சிட்ட பஞ்சாங்கத்தை யாராவது பார்த்திருந்தால் சொல்லுங்கள். நான் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளுகின்றேன்.

இனி இரத்தம். விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடிச் சில்லில் தடவிச் சாயமேற்றிப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் கிருமி இருக்கின்றதா, எந்த ஜாதிக் கிருமி, எவ்வளவு என்று தெரியும். இது பழைய முறை என்றாலும் இன்றும் நல்ல முறை. பூதக்கண்ணாடி இல்லாத மலையூருக்காக ஒரு சிறு அட்டை வந்திருக்கின்றது. சொட்டு இரத்தத்தை அதில் விட்டு மருந்துத் தண்ணீர் விட்டால் கால் மணி, அரை மணிக்குள் கோடு விழும். பால்சிபாரம் என்னும் கொலைகாரக் கிருமி வெளிவிடும் எச்.ஆர்.பி-2 என்ற ஒரு சத்தை அது பிடித்துக் காட்டுகின்றது. வைவாக்சும் தெரிவதற்கு வேறொரு கோடு உண்டு.

“அப்படியானால் அட்டை பொய்யே சொல்லாதோ?” என்று கேட்பீர்கள். சொல்லும்! இங்கேதான் பூசாரிக்கும் விஞ்ஞானிக்கும் உள்ள வித்தியாசம் இருக்கின்றது. காய்ச்சல் தீர்ந்த பிறகும் சில வாரம் அந்தச் சத்து இரத்தத்தில் தங்குவதால், குணமானவனையும் நோயாளி என்று அட்டை காட்டிவிடும். அதோடு, 2010-இல் தென்னமெரிக்காவில் பெரு தேசத்தில், அந்தச் சத்தை உண்டாக்கவே உண்டாக்காத பால்சிபாரம் கிருமிகளைக் கண்டார்கள். அட்டைக்கு அகப்பட்ட கிருமி மருந்தால் சாகின்றது. அகப்படாத கிருமி தப்பிப் பெருகுகின்றது. பிறகு ஆப்பிரிக்காவிலும், நம் மத்திய இந்தியாவிலும் இப்படிப்பட்ட கிருமிகள் தென்பட்டன. எரித்ரியா தேசத்தில் இது மிகுதியாகவே, அந்தத் தேசம் தன் அட்டையையே மாற்றிக்கொண்டது. அட்டையின் தப்பைக் கண்டுபிடித்தவர்கள் யார்? அட்டையின் விரோதிகளல்ல, அதை நம்பி உபயோகித்தவர்களே. இப்படித் தப்பவிடுவது நூற்றுக்கு 5 ஆனால் வேறு சோதனைக்கு மாறிக்கொள் என்று உலக சுகாதார ஸ்தாபனம் விதியே வகுத்திருக்கின்றது. நூற்றுக்கு 5 தவறினால் பூசாரியை மாற்று என்று எந்தச் சாஸ்திரத்திலாவது இருக்கின்றதா?

சரி, காய்ச்சல் மலேரியாதான் என்று தெரிந்துவிட்டது. இது முற்றுமா முற்றாதா என்று எப்படி அறிவது? கிருமியை எண்ணினால் போதும் என்று முதலில் நினைத்தார்கள். அது ஏமாற்றுகின்றது. பால்சிபாரம் புகுந்த சிவப்பணு வளர்ந்ததும் பிசின் போல் ஆகி மூளையிலும் மற்ற உறுப்புகளிலும் உள்ள நுண்ணிய நாளங்களின் சுவரில் ஒட்டிக்கொள்ளுகின்றது. விரலில் குத்தினால் வருவது ஓடித் திரியும் இளங்கிருமிதான். ஒளிந்திருக்கும் பட்டாளம் கணக்கில் வராது. ஆகையால் வேறு குறிகளைத் தேடினார்கள். நாளம் அடைபட்டுச் சதைக்குக் காற்று போதாமல் போனால் இரத்தத்தில் லாக்டேட் என்னும் புளிப்புச் சத்து ஏறுகின்றது. அது லிட்டருக்கு 5 மில்லிமோலுக்கு மேல் போனால் ஆபத்து. இரத்தச் சர்க்கரை 40 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் ஆபத்து. முன்பு சொன்ன எச்.ஆர்.பி-2 சத்தையே உண்டா இல்லையா என்று பாராமல் எவ்வளவு என்று அளந்தால், ஒளிந்திருக்கும் கிருமியின் மொத்த எடையை மதிப்பிடலாம் என்று 2005-இல் ஆராய்ந்து காட்டினார்கள். நாளச் சுவர் புண்பட்டால் வெளிவரும் ஆஞ்சியோபொயட்டின்-2 என்ற சத்தும் அபாயத்துக்கு அறிகுறி. இது இன்னும் ஆராய்ச்சிச் சாலையைத் தாண்டி நம் ஊர் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. இவைகளில் எந்த ஒரு குறியும் தனியாக நின்று “இவன் பிழைப்பான், இவன் சாவான்” என்று சத்தியம் செய்வதில்லை. நூறு பேரில் எத்தனை பேருக்கு அபாயம் என்றுதான் சொல்லுகின்றன. அது போதும், யாரை முதலில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்று தெரிந்துவிடுகின்றதே!

மலாவி என்னும் ஆப்பிரிக்க தேசத்தில் நடந்ததைச் சொன்னால் உங்களுக்கு ஆச்சரியமாயிருக்கும். மூளை மலேரியா என்று கெட்டிக்கார வைத்தியர்கள் தீர்மானித்து, வைத்தியம் பார்த்தும் இறந்துபோன 31 குழந்தைகளின் உடலை அறுத்துப் பார்த்தார்கள். அதில் 7 குழந்தைகள் இறந்தது மலேரியாவால் அல்ல, வேறு காரணத்தால் என்று தெரிந்தது. அதை அவர்கள் மறைக்கவில்லை. 2004-இல் அச்சிட்டு உலகத்துக்குச் சொன்னார்கள். கூடவே ஒரு குறியையும் கண்டுபிடித்தார்கள். உயிரோடிருக்கும்போதே கண்ணின் பின்புறத் திரையை விளக்குக் கருவியால் பார்த்தால், மூளை நாளத்தில் நடப்பது அங்கே வெளுப்பாகவும் இரத்தப் புள்ளியாகவும் தெரிகின்றது என்பதே அது. நம் பையனுக்குக் கண் செருகியதைப் பார்த்துப் பேய் என்றார்கள். அதே கண்ணுக்குள் பார்த்து இவர்கள் மூளையைக் கண்டார்கள்.

மருந்திலும் அப்படியே. சிங்கோனாப் பட்டையிலிருந்து கொயினாவைப் பிரித்தது 1820-இல். நம் நீலகிரியில் சர்க்காரே அந்த மரத்தைப் பயிர் செய்தது. 180 வருஷம் கொயினாதான் ராஜா. 2005-இல் இந்தியா உட்பட நான்கு தேசங்களில் முற்றிய மலேரியாக்காரர் 1461 பேரை இரு பங்காக்கிப் பார்த்ததில், கொயினா ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு 22 பேரும், ஆர்ட்டிசுனேட் ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு 15 பேரும் இறந்தார்கள். அத்தோடு ராஜா இறங்கிவிட்டார். இந்த ஆர்ட்டிசுனேட்டுக்கு மூலமான சத்தை 1972-இல் ஒரு பூண்டிலிருந்து பிரித்தெடுத்தவர் சீன தேசத்து அம்மையார் தூ யூயூ. 2015-இல் நோபல் பரிசு பெற்றார். அவருக்குத் துப்புக் கொடுத்தது 1600 வருஷத்துக்கு முந்திய ஒரு பழைய ஏடு. “பார்த்தீர்களா, பழைய ஏட்டில் எல்லாம் இருக்கின்றது!” என்று உடனே நம் பண்டிதர்கள் எழுந்துவிடுவார்கள். ஐயா, அவர் ஏட்டைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடவில்லை. பல நூறு பழைய மருந்துகளைச் சோதித்துத் தள்ளினார். இதை எலிக்குக் கொடுத்துப் பார்த்தார். பிறகு தாமே விழுங்கிப் பார்த்தார். அதற்கப்புறந்தான் நோயாளிக்குக் கொடுத்தார். சித்தர் ஏட்டையும் அப்படிச் சோதியுங்கள். வேண்டாமென்று யார் சொன்னது?

இங்கே ஒரு சிநேகிதர் துண்டுக் காகிதத்தில் ஒரு கேள்வி எழுதி அனுப்பியிருக்கின்றார். நல்ல கேள்வி. “பிறக்கும்போதே இரத்தத்தில் இருக்கும் சில குறிகளால் சிலருக்கு மலேரியா முற்றுவதில்லை என்று படித்தேன். அப்படியானால் தலையெழுத்தும் பிறவிப் பேதமும் உண்மை என்று ஆகின்றதல்லவா?” என்று கேட்கின்றார். இதற்குப் பதில் சொல்லாமல் நான் இறங்கினால் இன்றைய கூட்டமே வீண்.

அவர் படித்தது மெய். சிலருடைய சிவப்பணு, காற்றுக் குறைந்தால் அரிவாள் மாதிரி வளைந்துவிடும். தாய் தந்தையரில் ஒருவரிடமிருந்து மாத்திரம் அந்தக் குணம் வந்திருந்தால் பெரும்பாலும் தொந்தரவில்லை. மலேரியா வந்தாலும் முற்றுவது மிகக் குறைவு. இருவரிடமிருந்தும் வந்தால் அதுவே பொல்லாத நோயாகி வாட்டும். மலேரியா இருந்த நாடுகளில் இப்படிப்பட்ட இரத்தக் குணம் ஏன் நிலைத்தது என்பதற்கு 1949-இல் வழிகாட்டியவர் ஹால்டேன் என்னும் ஆங்கிலேய அறிஞர். அவர் நம்மைப் போல் நாத்திகர். 1957-இல் இந்தியாவுக்கே குடிவந்து 1964-இல் புவனேஸ்வரத்தில் காலமானார். 1954-இல் அலிசன் என்பவர் கிழக்காப்பிரிக்காவில், அரிவாளணுக் குணம் உள்ள பிள்ளைகளுக்கு மலேரியா குறைவு என்று காட்டினார். நம் ராஜ்யத்தில் நீலகிரி மலைவாசிகளிடம் அந்த அணுவைக் கண்டது 1952-இல்.

இப்போது யோசித்துப் பாருங்கள். இந்தக் குறி யாரிடம் இருக்கின்றது? ஆப்பிரிக்கரிடம், அரபியரிடம், கிரேக்கரிடம், நீலகிரி மலைவாசிகளிடம். இவர்கள் எல்லோரும் பிரம்மாவின் எந்த அங்கத்தில் பிறந்தார்கள்? முகத்திலா, பாதத்திலா? மலேரியா மிகுந்திருந்த பல இடங்களில் குறி இருக்கின்றது. மலேரியா இல்லாத இடத்தில் அது நிலைக்கவில்லை. மனுதர்மத்தைக் கேட்டு அது பரவவில்லை. ஓ ரக இரத்தமுள்ளவர்களுக்கு மலேரியா முற்றுவது சற்றுக் குறைவு என்றும் கண்டிருக்கின்றார்கள். அந்த ஓ ரகம் பார்ப்பனரிலும் இருக்கின்றது, ஆதித்திராவிடரிலும் இருக்கின்றது, நம் மலையாளி மக்களிலும் இருக்கின்றது. அவசரத்துக்கு இரத்தம் வேண்டியபோது யாரும் “ஓ ரகத்தில் ஐயர் இரத்தம் இருக்கின்றதா?” என்று கேட்டதில்லை, கேட்டவன் செத்திருப்பான்.

தலையெழுத்து என்பது அழிக்க முடியாதது என்று சொல்லித்தானே உங்களைப் பணிய வைத்தார்கள்? இரத்தக் குறியை நாம் தெரிந்துகொள்ளுவது பணிவதற்கல்ல, தப்புவதற்கு. ஓர் உதாரணம் சொல்லுகின்றேன். ஈரலில் தூங்கும் வைவாக்சைக் கொல்லுவதற்குப் பிரிமாகுவின் மாத்திரை 14 நாள் கொடுக்கின்றார்கள். ஆனால் ஜி-6-பி-டி என்னும் ஒரு சத்து இரத்தத்தில் பிறவியிலேயே குறைவாயிருப்பவர்களுக்கு அந்த மாத்திரையால் சிவப்பணு உடைந்து, மூத்திரம் கறுத்து, உயிருக்கே மோசம் வரலாம். இதுவும் மலேரியா இருந்த நாடுகளில் மிகுதியாக உள்ள குணந்தான். ஒரு சோதனை செய்தால் முன்பே தெரியும். தெரிந்தால் வைத்தியர் மாத்திரையின் அளவை மாற்றுவார் அல்லது நிறுத்துவார். தலையெழுத்தைச் சோதித்து அளவை மாற்றிய ஜோசியன் உண்டா?

மனிதன் கை வைத்தால் இந்த விதி எப்படி மாறுகின்றது என்பதற்கு நம் தேசத்துக் கணக்கைக் கேளுங்கள். 1947-இல் இந்தியாவில் வருஷத்துக்கு 7½ கோடிப் பேருக்கு மலேரியா வந்தது, 8 லட்சம் பேர் செத்தார்கள் என்பது மதிப்பு. 1953-இல் சர்க்கார் மலேரியாத் திட்டம் ஆரம்பித்து வீடு வீடாக டி.டி.டி. அடித்தது. 1965-இல் நோயாளிகள் ஏறக்குறைய 1 லட்சமாகக் குறைந்தார்கள். காரியம் முடிந்துவிட்டது என்று சர்க்கார் கொஞ்சம் கண்ணயர்ந்தது. கொசுவும் மருந்துக்குப் பழகிக்கொண்டது. 1976-இல் 64 லட்சம் பேர்! 1965-இல் சாமிக்குக் கோபம் தணிந்து, 1976-இல் மறுபடியும் கோபம் வந்துவிட்டதா? இந்த 11 வருஷத்தில் யாகம் குறைந்ததா, திருவிழா நின்றதா, உண்டியலில் வசூல்தான் குறைந்ததா? குறைந்தது மருந்தடிப்பும் மேற்பார்வையுந்தான்.

இலங்கையைப் பாருங்கள். 1934, 35-இல் அங்கே சில மாதங்களில் சுமார் 80,000 பேரை மலேரியா கொன்றது. 1963-இல் தீவு முழுவதுக்கும் 17 பேருக்குத்தான் நோய். அங்கேயும் கண்ணயர்ந்தார்கள், 1968, 69-இல் லட்சக்கணக்கில் திரும்பிற்று. பிறகு ஊர் ஊராய் இரத்தம் எடுத்து, ஒவ்வொரு நோயாளியையும் தேடிப் பிடித்து வைத்தியம் செய்து, 2016-இல் மலேரியா இல்லாத தேசம் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தினிடம் பத்திரம் வாங்கிவிட்டார்கள். நடுவில் ஒரு பெரிய யுத்தமும் நடந்தது. இரத்தச் சோதனையை அவர்கள் நிறுத்திவிடவில்லை.

நம் தமிழ்நாட்டில் அண்மை வருஷங்களில் வருஷத்துக்குச் சில நூறு பேருக்குத்தான் மலேரியா காண்கின்றது. சந்தோஷந்தான். ஆனால் இதில் ஓர் ஆபத்தும் இருக்கின்றது. அடிக்கடி வந்த காலத்தில் ஜனங்களின் உடம்பு ஓரளவு பழகியிருந்தது. வைத்தியருக்கும் பார்த்தவுடன் சந்தேகம் வந்தது. இப்போது பழக்கமில்லாத உடம்பில் வந்தால் சீக்கிரம் முற்றுகின்றது, வைத்தியரும் மறந்துவிடுகின்றார். கொசுவோ எங்கும் போய்விடவில்லை. மலை ஓடைகளில் ஒரு வகை அனாபிலஸ், சென்னைப் பட்டணத்துக் கிணற்றிலும் மாடித் தொட்டியிலும் ஒரு வகை, ஆற்று மணலில் தேங்கும் குட்டைகளில் ஒரு வகை. நம் தென்பெண்ணையாற்றங்கரைக் கிராமங்களில் 1980-களில் மலேரியா விடாப்பிடியாய் இருந்ததற்கு அந்த மூன்றாவது வகையே காரணம் என்று எழுதி வைத்திருக்கின்றார்கள். கொசு காத்திருக்கின்றது, கிருமி வர வேண்டியதுதான் பாக்கி. வேலை தேடி வெளி மாகாணத்துக்குப் போய் வருகின்றவர்களோடு அது வருகின்றது.

இதை முன்னிட்டு நான் சர்க்காரையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டியிருக்கின்றது. கல்வராயன் மலையை மூன்று ஜாகீர்தார்கள் கையில் விட்டுவைத்து, சர்க்கார் நேரே உள்ளே வந்தது 1976-இல்தான். அதுவரை அந்த ஜனங்கள் பூசாரியிடம் போனார்கள் என்றால், போவதற்கு வேறு யார் இருந்தார்கள்? கள்ளக்குறிச்சி தனி ஜில்லாவாகி 2019 முதல் கலெக்டரும் வந்திருக்கின்றார். வெள்ளிமலைக்கு ரோடு இருக்கின்றது. அதற்கப்பால் இருக்கும் ஊர்களிலிருந்து ஜன்னி கண்ட பிள்ளையை இராத்திரியில் எதில் கொண்டு வருவது? லாக்டேட் அளக்கும் கருவி பட்டணத்தில் இருந்து பிரயோஜனம் என்ன? மூட நம்பிக்கையை விடு என்று மலைவாசிக்குச் சொல்ல நமக்கு யோக்கியதை வேண்டுமானால், அவன் ஊரில் இரத்தம் பார்க்கும் அட்டையும் அவனைத் தூக்கி வர வண்டியும் இருக்க வேண்டும். அதற்காக மனு எழுதுவதும் சுயமரியாதை வேலைதான். (இங்கே ஒரு தோழர், அந்த மலையில் பெரியார் பேரில் ஓர் அருவி இருக்கின்றதே என்று ஞாபகப்படுத்துகின்றார். இருக்கின்றது, சந்தோஷம், குளிக்கப் போகின்றவர்கள் அப்படியே பக்கத்து ஊர்களுக்குள்ளும் போய் இதைச் சொல்லிவிட்டு வாருங்கள்.)

தாய்மார்கள் ஒன்று மாத்திரம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வெளியூர் போய் வந்தவருக்கோ, அவர் வீட்டிலிருப்பவருக்கோ குளிர்சுரம் கண்டால் அன்றைக்கே இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். வைத்தியர் சும்மா மாத்திரை எழுதிக் கொடுத்தால், “எங்கே போய் வந்தார் என்று கேளுங்கள் ஐயா, இரத்தம் பாருங்கள் ஐயா” என்று வாய் திறந்து கேளுங்கள். எழுந்து உட்கார முடியாமை, ஜன்னி, பிதற்றல், மூச்சு வாங்குதல், கண் மஞ்சளாதல், மூத்திரம் கறுத்தல் அல்லது குறைதல், குழந்தை பால் குடியாமை, எதை விழுங்கினாலும் வாந்தி, இவைகளில் ஒன்று கண்டாலும் மணிக்கணக்குத்தான், நாள்கணக்கு இல்லை. 14 நாள் மாத்திரையை நான்காம் நாள் காய்ச்சல் விட்டவுடன் பரணில் போட்டுவிடாதீர்கள். மூத்திரம் கறுத்தால் மாத்திரம் உடனே நிறுத்திவிட்டு வைத்தியரிடம் ஓடுங்கள். ஜன்னிக்கு வேப்பிலை அடிப்பதானால் அடியுங்கள், ஆனால் வண்டியில் போய்க்கொண்டே அடியுங்கள்.

அந்தப் பையனை இரண்டு மாதத்துக்கு முன் மறுபடி பார்த்தேன். கல்யாணமாகி ஒரு குழந்தையும் இருக்கின்றது. கிடா வெட்டியதைப் பற்றிக் கேட்டேன். “அது எங்க அப்பா செஞ்சதுங்க” என்றான். “உன் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால்?” என்றேன். “மொதல்ல ரத்தம் பாத்துடுவோம், அப்புறம் பூசாரிய வேணும்னா பாத்துக்கலாம்” என்றான். வரிசை மாறியிருக்கின்றது.

இரவு நேரமாகிவிட்டபடியாலும், மலைக்குப் போகும் தோழர்களுக்குக் கடைசி பஸ் இருப்பதாலும் இத்துடன் நிறுத்திக்கொள்ளுகின்றேன். கேள்வி இருப்பவர்கள் எழுதிக் கொடுத்தால் அடுத்த வாரம் பதில் எழுதுகின்றேன்.